பாலாற்றங்கரையில் உப்புக் கணக்கு

உரித்த தோல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க, தோலின் எடையில் ஏறக்குறைய பத்தில் நான்கு பங்கு உப்பைத் தடவி, மடித்து, அடுக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் பேரணாம்பட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் பச்சைத்தோல் இப்படித்தான் வந்து சேர்கிறது. தோல் பதனிடும் ஆலையான டேனரியில் நடக்கும் முதல் வேலையே அந்த உப்பைக் கழுவி எடுப்பதுதான். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பது முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றங்கள் விசாரித்துவரும் கேள்வி.

தோல் தொழிலின் மாசு என்றாலே குரோமியம்தான் நினைவுக்கு வருகிறது. குரோமியத்தின் ஆபத்து உண்மையானது. ஆனால் இந்த வட்டாரத்து விவசாயியின் கிணற்றைப் பெரிதும் கெடுத்தது உப்பு. குரோமியத்தை வேதிப்பொருள் சேர்த்துப் படியவைத்து அள்ளிவிடலாம். உப்போ கரைந்த நிலையிலேயே மணலுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிடும். அதைத் தின்று செரிக்கும் நுண்ணுயிர் எதுவும் கிடையாது. பசுமைத் தொழில்நுட்பம் என்ற பெயரில் இந்த வட்டாரத்துக்கு வந்த ஒவ்வொன்றையும் எடைபோட உப்பைப் போல நம்பகமான அளவுகோல் வேறில்லை. உப்பை இடம் மாற்றலாம், உருமாற்றலாம், இல்லாமல் ஆக்க முடியாது.

கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலில் சேரும் பாலாற்றின் மொத்த நீளம் 348 கிலோமீட்டர். ஆண்டின் பெரும்பகுதியில் வறண்டுதான் கிடக்கும். ஆனால் மணலுக்கடியில் நீரோட்டம் உண்டு. அந்த ஊற்றை நம்பித்தான் வாணியம்பாடி தொடங்கிக் காஞ்சிபுரம் வரை ஊர்களும் வயல்களும் இருந்தன. டேனரிகள் இங்கே வந்ததற்கும் அந்தத் தண்ணீர் முக்கியமான காரணம். இந்தியாவின் தோல் ஏற்றுமதியில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 40 விழுக்காடு. அதில் பெரும்பகுதி, 2019 நவம்பருக்கு முன் ஒரே வேலூர் மாவட்டமாக இருந்து இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்திருக்கும் நிலப்பரப்பிலிருந்து போகிறது. ஆம்பூரைச் சுற்றியுள்ள காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். தொழிலை இழுத்து மூடிவிடுங்கள் என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாததற்கு அவர்களுடைய சம்பளம் ஒரு காரணம்.

முன்பு இங்கே தோலைப் பதனிட்டது ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும். கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் பாதி பதனிட்ட நிலையிலேயே அது கப்பலேறியது. 1970-களில் மத்திய அரசின் கொள்கை மாறியது. பச்சைத்தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்யாமல், முழுமையாக்கிய தோலாகவும் செருப்பாகவும் கோட்டாகவும் விற்றால் அந்நியச் செலாவணி கூடும் என்ற கணக்கு அது. கணக்கு பலித்தது. அதோடு, பட்டை ஊறிய தொட்டிகளின் இடத்தில் குரோமிய உப்பு சுழலும் டிரம்கள் பெருகின. பட்டைக்கு வாரக்கணக்கில் ஆன வேலையைக் குரோமியம் ஒரு நாளில் முடித்துக் கொடுத்தது. ஆனால் வழக்கமான முறையில் டிரம்மில் போடும் குரோமியத்தில் 60 முதல் 70 விழுக்காட்டைத்தான் தோல் உறிஞ்சுகிறது; மீதி தண்ணீரோடு வெளியே போய்விடும். முடியை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும், ஊறுகாய்போலப் பதப்படுத்தும் கட்டத்தில் அமிலமும் மறுபடி உப்பும் என ஒவ்வொரு படியிலும் தண்ணீரின் சுமை ஏறிக்கொண்டே போகும். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் என்றும், குரோம் பதனிடலில் சுமார் 170 வகை வேதிப்பொருள்கள் என்றும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குறித்திருக்கிறது.

அந்தத் தீர்ப்பு சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எவருக்கும் பாடம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு வழங்கியது அது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், தீங்கு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணிப்பு அத்தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. குடிநீருக்காகப் பெண்களும் குழந்தைகளும் மைல்கணக்கில் நடக்க வேண்டியிருப்பதும் அதில் உண்டு. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்த நீதிமன்றம், இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையத்தையும் அமைக்கச் சொன்னது.

ஆணையம் 2001-இல் கணக்கு முடித்தது. 29,193 பேர் பாதிக்கப்பட்டவர்கள். 547 டேனரிகள் தர வேண்டிய தொகை 26.82 கோடி ரூபாய். கணக்கில் வந்த காலம் 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரை. வகுத்துப் பார்த்தால், ஏழு ஆண்டுகளுக்கும் மேலான பயிர் இழப்புக்கு ஒருவருக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட வரவில்லை. தென்னையும் நெல்லும் விளைந்த நிலத்துக்கு இது விலையா என்று கேட்க அந்த விவசாயிக்கு எல்லா உரிமையும் உண்டு.

மாசும் வழக்கும் தந்த நெருக்கடி, அதுவரை இங்கே இல்லாத ஒரு வகை நிறுவனத்தைப் பெற்றெடுத்தது. தோல் செய்யாது, செருப்பு தைக்காது. தண்ணீரைச் சுத்திகரித்துத் தருவது மட்டுமே அதன் வேலை. டேனரிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து தொடங்கிய பொதுச் சுத்திகரிப்பு நிறுவனங்கள் அவை: ராணிப்பேட்டையில் ரானிடெக், ஆம்பூரில் ஆம்பூர்டெக், வாணியம்பாடியில் வானிடெக், மேல்விஷாரத்தில் விஷ்டெக். தொழில்நுட்பச் சேவை நிறுவனம் என்றால் கணினித் திரைகள் வரிசையாக நிற்கும் கட்டடத்தைத்தான் பலர் நினைப்பார்கள். ஆனால் சேவையை விற்று, கட்டணம் வாங்கி, பொறியாளர்களையும் ஆய்வுக்கூடத்தையும் வைத்து நடத்தும் இந்த நிலையங்களும் அந்தப் பெயருக்கு முழுத் தகுதி உடையவை. ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பும் சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் இவற்றுக்குத் தொழில்நுட்பத் துணை நின்றன. தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வசதியில்லாத சிறு டேனரிகள் மூடப்படாமல் தப்பியதற்கு இந்தக் கூட்டு முயற்சிதான் காரணம். அந்த வகையில் இது பாராட்டப்பட வேண்டிய கண்டுபிடிப்பு.

முதல் தலைமுறை நிலையங்கள் கசடைப் படியவைத்தன, காற்றூட்டிக் கரிமக் கழிவைக் குறைத்தன, நாற்றத்தை மட்டுப்படுத்தின. ஆனால் வெளியேறிய தண்ணீரில் உப்பு அப்படியே இருந்தது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குமேல் கரைந்த உப்பு இருக்கக் கூடாது என்பது விதி. தோலின் உப்பைக் கழுவிய தண்ணீர் எவ்வளவு காற்றூட்டினாலும் அந்த அளவுக்கு இறங்காது. காகிதத்தில் சுத்திகரிப்பு நடந்துகொண்டிருக்க, கிணற்றில் உப்பு ஏறிக்கொண்டிருந்தது.

இதே காலத்தில் வேறொரு திசையிலிருந்து வந்த அழுத்தம் எவ்வளவு விரைவாக வேலை செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோஃபீனால் என்ற மருந்தை 1989-இல் ஜெர்மனி தடைசெய்தது. 1994-இல் சில வகை அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. ஜெர்மனி பெரிய சந்தை என்பதால் டேனரிகள் பதறின. தோல் ஆராய்ச்சி நிலையம் மாற்று மருந்துகளைப் பரிந்துரைத்தது, சோதனைக்கூடங்கள் வந்தன, சில ஆண்டுகளுக்குள் தொழிலே புதிய முறைக்கு மாறியது. 2015 மே முதல் தோலில் ஆறாம் இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தபோதும் இங்குள்ள ஏற்றுமதியாளர்கள் அதற்கேற்பத் தங்களை மாற்றிக்கொண்டார்கள்.

ஆக, இந்தத் தொழிலுக்கு மாறத் தெரியாது என்ற பேச்சுக்கு இடமில்லை. வாங்குகிறவரின் காலைக் கடிக்கும் நச்சு என்றால் உடனே மாறுகிறது. விற்கிறவரின் ஊர்க் கிணற்றில் இறங்கும் உப்பு என்றால் வழக்கு முப்பது ஆண்டு நீள்கிறது. ஹாம்பர்க்கில் செருப்பு வாங்குபவரின் தோலுக்குக் கிடைத்த பாதுகாப்பு பாலாற்றங்கரை மாராப்பட்டு விவசாயியின் நிலத்துக்குக் கிடைக்கவில்லை. 2005-இல் உருவான லெதர் ஒர்க்கிங் குரூப் போன்ற தணிக்கை அமைப்புகள் தண்ணீர், மின்சாரம், கழிவு ஆகியவற்றையும் மதிப்பெண்ணில் சேர்த்தது நல்ல திருப்பம். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் வாங்கும் டேனரிகளுக்குப் பெரிய பிராண்டுகளின் ஆர்டர் எளிதில் கிடைக்கிறது. ஆனால் தணிக்கை ஒரு டேனரியின் மதிலுக்குள் நடப்பது. ஆறு மதிலுக்கு வெளியே ஓடுவது.

உப்புக்கு விடையாகத்தான் திரவக் கழிவே வெளியேறாத முறை இங்கே வந்தது. சுத்திகரித்த தண்ணீரை ஆர்.ஓ. சவ்வுகளின் வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரித்து டேனரிக்கே திருப்பி அனுப்புவார்கள். மிஞ்சும் கடும் உப்புநீரைக் கொதிகலன் ஆவியில் பல கட்டமாகக் காய்ச்சினால் கடைசியில் உப்புக்கட்டி கிடைக்கும். நிலத்தடி நீர் வற்றிய வட்டாரத்தில் அதே தண்ணீர் திரும்பத் திரும்பப் பயன்படுவது பெரிய ஆதாயம். சாயப்பட்டறைத் தண்ணீருக்கு இதே வழியைத் திருப்பூரும் மேற்கொண்டது. உலகில் மிகச் சில தொழில் மையங்களே இந்த அளவுக்குப் போயிருக்கின்றன.

இந்த இடத்தில்தான் உப்புக் கணக்கைத் திறக்க வேண்டும். லிட்டருக்குப் பத்து கிராம் உப்புள்ள கழிவுநீரை நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர் கையாளும் நிலையத்தை எடுத்துக்கொண்டால், நாள்தோறும் 10 டன் உப்பு வெளியே வரும். முந்நூறு வேலை நாளில் 3,000 டன். சோடியம் குளோரைடும் சல்ஃபேட்டும் கரிமக் கழிவும் கலந்த அழுக்கு உப்பு அது. சமையலுக்கோ தொழிலுக்கோ உதவாது. மறுபடி தோலில் தடவவும் தகுதியில்லை. திருப்பூரில் உப்புக் கரைசலைச் சாயமேற்ற ஓரளவு திரும்பப் பயன்படுத்த முடிகிறது. டேனரி உப்பில் வேறு பொருள்களின் கலப்பு அதிகம் என்பதால் அந்த வழியும் கடினம். ஆகவே கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிறார்கள். மழை பெய்து, கூரை ஒழுகினால் ஆற்றுக்குப் போகாமல் தடுத்த உப்பு வேறு வழியில் ஆற்றைத் தேடிக்கொண்டுவிடும். காய்ச்சுவதற்கு எரித்த விறகும் நிலக்கரியும் மின்சாரமும் தனிக் கணக்கு. நீரைக் காத்தோம் என்ற பெருமையோடு அந்தப் புகையையும் ஒரே ஏட்டில் எழுதினால்தான் கணக்கு நேராகும்.

திடக்கழிவைக் குவித்து வைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை ராணிப்பேட்டை உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 2015 ஜனவரி 31 பின்னிரவில் சிப்காட் தொழில் வளாகத்தில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காக்கக் கட்டிய அமைப்பு ஆட்களைக் கொன்றது. அதே சிப்காட்டில், குரோமிய உப்புகள் தயாரித்து 1990-களில் மூடப்பட்ட ஓர் ஆலையின் வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு மலையாகக் கிடந்தது. 2006-இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலை அமெரிக்கத் தன்னார்வ அமைப்பொன்று வெளியிட்டபோது ராணிப்பேட்டை அதில் இடம்பெற இந்த மலை முக்கியக் காரணம்.

இது ஏழை நாட்டின் கவனக்குறைவு மட்டும் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இத்தாலியில் தஸ்கனியின் சாந்தா குரோச்சே உலகத் தோல் தொழிலின் முன்மாதிரி என்று சொல்லப்படும் ஊர். பொதுச் சுத்திகரிப்பு நிலையம், 1981 முதல் குரோமியத்தை மீட்டுத் தரும் கூட்டமைப்பு, கசடைக் கையாளத் தனி நிறுவனம் என எல்லாமே அங்கு உண்டு. ஆனாலும் கசடை எரித்துக் கிடைத்த சாம்பலைக் கட்டுமானப் பொருளோடு கலந்து சாலைக்கடியில் புதைத்தார்கள் என்ற குற்றச்சாட்டில் 2021-இல் பெரிய விசாரணை தொடங்கியது. குழாயின் கடைசியில் எதைப் பிடித்தாலும், பிடித்ததை என்ன செய்வது என்ற கேள்வி பணக்கார ஊரையும் விடுவதில்லை.

அதனால்தான் கழிவு பிறக்கும் இடமான டிரம்முக்கே போக வேண்டியிருக்கிறது. அங்கே செய்யக்கூடியவை நிறைய உண்டு, எல்லாம் விலையுயர்ந்தவையும் அல்ல. பச்சைத்தோலை ஊறப்போடும் முன் உதறி, ஒட்டியிருக்கும் உப்பை உலர்ந்த நிலையிலேயே தட்டி எடுத்தால், ஒரு மேசையும் இரண்டு ஆட்களும் போதும். கணிசமான உப்பு தண்ணீரைத் தொடாமலேயே பிரிந்துவிடும். ஊறல் நீரைத் தனிக் குழாயில் எடுத்து வெயில் பாத்தியில் காயவிடலாம். குரோமிய நீரைத் தனியே பிடித்து மக்னீசியம் ஆக்சைடு சேர்த்துப் படியவைத்து, அந்தக் குரோமியத்தை மறுபடி டிரம்மில் போடலாம். தோல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய நீரில்லாக் குரோம் பதனிடல் இதற்கும் ஒரு படி மேலே. அமில உப்புக் குளியலும் அதற்குப் பின் வரும் காரச் சேர்க்கையும் இல்லாமலே குரோமியத்தைத் தோலில் ஏற்றும் முறை அது. குரோமியச் செலவு 15 முதல் 20 விழுக்காடு குறையும், கழிவுநீரின் உப்புச் சுமை ஐந்தில் ஒரு பங்கு இறங்கும் என்கிறது நிலையம். பல மாநிலங்களில் சில பத்து டேனரிகள் அதை எடுத்துக்கொண்டிருக்கின்றன.

ஏன் எல்லோரும் எடுத்துக்கொள்ளவில்லை? பழக்கத்தை மட்டும் குறைசொன்னால் பாதி உண்மைதான். இந்தப் பகுதியில் பல டேனரிகள் ஜாப் ஒர்க் முறையில் ஓடுகின்றன. தோல் ஒருவருடையது, டிரம் இன்னொருவருடையது, செய்முறையைச் சொல்வது மூன்றாமவர். கூலிக்குப் பதனிடுகிறவர், தோல் கொஞ்சம் விறைத்துப்போனாலும் நட்டம் தன் தலையில் விழும் என்று அஞ்சி, தெரிந்த முறையை விடுவதில்லை. இன்னொரு காரணம் கட்டணம். சுத்திகரிப்புச் சேவைக்கு லிட்டர் கணக்கில் காசு வாங்கினால் டேனரி தண்ணீரைத்தான் மிச்சம் பிடிக்கும். அதே உப்பு குறைந்த தண்ணீரில் இன்னும் கெட்டியாக வந்து சேரும். எத்தனை கிலோ உப்பு, எத்தனை கிலோ குரோமியம் அனுப்பினாய் என்று எடைக்குக் காசு வாங்கினால், உதறும் மேசையும் தனிக் குழாயும் செலவாக இல்லாமல் வரவாக மாறும். சேவை நிறுவனத்தின் பங்குதாரரும் வாடிக்கையாளரும் ஒரே ஆளாக இருக்கும்போது அந்தக் கட்டணத்தைத் தாமாகத் தமக்கு விதித்துக்கொள்வது கடினம். அரசும் வாங்கும் பிராண்டுகளும் விதிக்க வைக்க வேண்டும்.

மிகை மாசுத் தொழில்கள் 17 வகையும் கழிவை இணையவழி இடைவிடாமல் அளந்து அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. தோல் தொழிலும் அதில் உண்டு. அளவீட்டுக் கருவிகள், கேமரா, தரவுச் சேவை என்று ஒரு புதுச் சந்தையே அதனால் பிறந்தது. ஆனாலும் பெருமழை பெய்து ஆற்றில் வெள்ளம் வரும் நாள்களில் மாராப்பட்டுப் பக்கம் பாலாற்றில் நுரை மலைபோலப் பொங்குவதை ஊர் பார்க்கிறது, படமும் எடுக்கிறது. குழாயில் பொருத்திய கருவி குழாய்வழி போவதைத்தான் அளக்கும்.

உப்பை எடைபோட்டால், அந்தக் குழாயைச் சுற்றிக் கழிவை வெளியேற்றும் ஏமாற்றுக்கு இடம் சுருங்கும். ஒரு டேனரிக்குள் எத்தனை டன் உப்பிட்ட தோல் வந்தது, செய்முறைக்கு எத்தனை மூட்டை உப்பு வாங்கினார்கள் என்பதெல்லாம் ரசீதில் இருக்கிறது. உதறி எடுத்தது, சுத்திகரிப்பு நிலையத்தில் கட்டியாகக் கிடைத்தது, கொட்டகையில் இருப்பது எல்லாவற்றையும் கூட்டினால் வந்ததற்குச் சமமாக வர வேண்டும். துண்டுவிழும் டன்கள் மண்ணிலோ ஆற்றிலோதான் இருக்கின்றன. இதற்கு நுட்பமான கருவி வேண்டியதில்லை. தராசும் ஏடும், அந்த ஏட்டை ஊர்க்காரர் பார்க்கலாம் என்ற விதியும் போதும்.

2025 ஜனவரி 30 அன்று, பத்துப் பேர் சேற்றில் மூழ்கிய இரவின் பத்தாண்டு நிறைவுக்கு முந்தைய நாள், உச்ச நீதிமன்றம் மறுபடி பாலாற்றைப் பற்றிப் பேசியது. வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு தொடர்ந்த வழக்கில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நிலுவை இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் வழங்கி அதை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்க மாநில அரசுக்கு உத்தரவிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. ஆறு சீராகும்வரை மாசுபடுத்தியோரின் பொறுப்பு ஓயாது என்றும், உத்தரவு நிறைவேறுகிறதா என்பதைத் தொடர்ந்து தானே கவனிக்கப்போவதாகவும் கூறியது. அந்தக் குழு கேட்க வேண்டிய முதல் ஆவணம் ஒவ்வொரு டேனரியின் உப்பு வரவு செலவு. 1998 டிசம்பரோடு முடிந்த இழப்பீட்டுக் கணக்கில் அதற்குப் பிந்தைய அறுவடைகள் இல்லை. அவற்றைப் புதிதாக எழுதத் தொடங்கும்போது, எந்தக் கிணற்றில் எவருடைய உப்பு இறங்கியது என்று கேட்கும் விவசாயிக்குக் காட்ட அந்த ஏடு கையில் இருக்க வேண்டும்.